பகுபதம் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல்லையும் பிரித்துக் காட்டுங்கள்

சிம்பாங் பூலாய், ஈப்போ சுற்றுவட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு,



நம் பள்ளிகளில் ஆங்கிலச் சொல்வளம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது ஒரு சொற்பட்டியலில் போய் முடிகிறது. வாரத்துக்கு இத்தனை சொல், எதிரே பொருள், வார இறுதியில் சொல்வதெழுதுதல், தவறினால் பத்து முறை எழுதுதல். பணம் கட்டி அனுப்பும் டியூஷன் வகுப்பிலும் பெரும்பாலும் இதேதான். பிள்ளைகள் உழைக்காமல் இல்லை. ஆசிரியர்களும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் ஒரு சொல்லுக்காகப் பட்ட பாடு அடுத்த சொல்லுக்கு உதவாத முறை இது. நூறாவது சொல்லையும் முதல் சொல்லைப் போலவே அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை இந்தப் பட்டியல்களுக்குப் போகும் நேரத்தில் ஒரு பகுதியை ஆங்கிலச் சொற்களின் கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கற்பிக்கத் திருப்பிவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. அந்த வேர்களைத் தமிழையும் மலாயையும் வைத்தே கற்பிக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. வேர் வழியாகச் சொல் கற்பது ஒன்றும் புதிய யோசனை இல்லை. நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அது ஏற்கெனவே ஆங்கிலம் ஓரளவு கைவந்த பெரியவர்களுக்கான புத்தகம். மலேசியத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் கையில் அதைவிட நல்ல முதல் இருக்கிறது. அதை நாம் எடுத்துச் செலவழிக்காமல் இருக்கிறோம் என்பதைத்தான் இந்த மடலில் காட்ட விரும்புகிறேன்.

முதலில் ஆங்கிலத்தின் உள்ளமைப்பு. தாமஸ் ஃபின்கன்ஸ்டேட், டீட்டர் வோல்ஃப் என்ற இருவர் ஓர் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியின் சுமார் 80,000 சொற்களைக் கணினியில் ஏற்றி, எவை எங்கிருந்து வந்தவை என்று பிரித்து 1973இல் வெளியிட்டார்கள். இலத்தீனிலிருந்து நேரே வந்தவை 28 விழுக்காடு. இலத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு வழியாக வந்தவை ஏறக்குறைய இன்னொரு 28 விழுக்காடு. கிரேக்கம் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆங்கிலத்தின் சொந்தக் குடும்பமான ஜெர்மானியச் சொற்கள் கால்பங்குதான். ஆனால் அன்றாடம் வாயில் புழங்குவது அந்தக் கால்பங்கு: ஹேண்ட், ஹவுஸ், வாட்டர், ஈட், ஸ்லீப், மதர். முதல் மூன்று ஆண்டுகளில் நம் பிள்ளைகள் கற்பவை பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு சொற்களே. இவற்றைப் பிரிக்க முடியாது. பார்த்தும் கேட்டும் பேசியும்தான் பழக வேண்டும். அதனால் அந்த வயதில் பாட்டும் படமும் கதையும் போதும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. இடைநிலைப்பள்ளிப் பாடநூலில் வரும் ஆங்கிலம் வேறு ஆங்கிலம். நியூசிலாந்தில் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 35 இலட்சம் சொற்கள் கொண்ட கல்வித்துறை நூல்களையும் கட்டுரைகளையும் திரட்டி, எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை 2000ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். கல்விசார் எழுத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்த 570 குடும்பங்களில் அடங்கிவிடுகிறது. கதைப் புத்தகங்களிலோ இவை ஒன்றரை விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. அதாவது கதை மட்டும் படித்து வளர்ந்த பிள்ளை இவற்றை அரிதாகவே சந்தித்திருக்கும். இந்தக் குடும்பங்களில் 82 விழுக்காட்டுக்கு மேல் கிரேக்க, இலத்தீன் மூலம் கொண்டவை என்பதையும் காக்ஸ்ஹெட்டே குறிப்பிடுகிறார். மூன்றாம் ஆண்டில் ஆங்கிலத்தில் நன்றாக இருந்த பிள்ளை இரண்டாம் படிவத்தில் தடுமாறுவதை நாம் சோம்பல் என்றோ கைப்பேசி என்றோ விளக்கிவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் முன்னால் சொற்களின் இனமே மாறிவிட்டது. அதை யாரும் அதனிடம் சொல்லவில்லை.

இனி நம் பிள்ளையின் கையிருப்பு. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் விலங்குகளை உணவுப்படி பிரிக்கக் கற்றுக்கொடுக்கிறோம்: தாவர உண்ணி, மாமிச உண்ணி, அனைத்துண்ணி. மாடு தாவரத்தை உண்கிறது, ஆகவே தாவர உண்ணி. இதற்கு விளக்கமே தேவையில்லை, பெயரே விளக்கம். அதே பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்ப் பாடநூலில் ஹெர்பிவோர், கார்னிவோர், ஒம்னிவோர் என்று படிக்கிறது. மூன்று புதுச் சொற்கள் என்று நினைத்து மனனம் செய்கிறது. ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் கிட்டத்தட்ட அதே ஒலியில் அதே மூன்றும் வருகின்றன. இலத்தீனில் 'ஹெர்பா' என்றால் செடி, புல். 'கார்னிஸ்' என்றால் இறைச்சி. 'ஒம்னிஸ்' என்றால் எல்லாம். 'வோராரே' என்றால் விழுங்குதல். தாவர உண்ணி என்று பத்து வயதில் சொன்னபோதே பிள்ளை அந்த இலத்தீன் சொல்லின் பொருளை உறுப்பு உறுப்பாகச் சொல்லிவிட்டது. மூன்று சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதி, 'உண்ணி' என்ற பகுதிக்கு நேரே 'வோர்' வருவதைக் கோடிட்டுக் காட்ட ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும். பிறகு 'வொரேஷியஸ்' என்ற சொல் வரும்போது அகோரப் பசிக்காரன் என்று ஊகிக்க அந்தப் பிள்ளையால் முடியும். 'டிவவர்' என்றால் விழுங்கித் தீர்ப்பது என்று புரியும். 'ஒம்னிபொட்டன்ட்' என்ற சொல்லில் முன்பாதி தெரிந்தாலே எல்லாம் வல்ல என்ற பொருளில் பாதி வந்துவிடும். நாம் நாளும் ஏறும் பஸ்கூட 'ஒம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வால்தான்; அனைவருக்கும் ஆனது என்று பொருள்.

வெப்பமானி, தெர்மோமீட்டர். நுண்ணோக்கி, மிக்ரோஸ்கோப். தொலைநோக்கி, தெலெஸ்கோப். ஒளிச்சேர்க்கை, ஃபோட்டோசிந்தெசிஸ். உயிரியல், பியோலொகி. இப்படித் தமிழ், மலாய் இணைகளை அடுக்கிக்கொண்டே போகலாம். இந்த ஒழுங்கு தற்செயலாக அமைந்ததில்லை. மேற்கத்திய அறிவியல் தமிழுக்கு வந்தபோது கலைச்சொல் ஆக்கியவர்கள் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் உறுப்புகளின் பொருளைப் பார்த்துத் தமிழ் உறுப்புகளைக் கொண்டு கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். பிறகு தமிழகத்திலும் இலங்கையிலும் எத்தனையோ குழுக்கள். மலாய் வேறு வழியில் போனது. 1956இல் தொடங்கிய மலாய் மொழி வளர்ச்சி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா அறிவியல் சொற்களில் பலவற்றை அப்படியே ஏற்று, எழுத்துக்கூட்டலை மட்டும் மலாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. இரண்டுமே நியாயமான வழிகள். ஆனால் இரண்டின் விளைவும் ஒரே பிள்ளையின் மண்டைக்குள் சேர்கிறது என்பதுதான் நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளியின் தனிச்சிறப்பு. வேரின் பொருள் தமிழ்ச் சொல்லில் கிடைக்கிறது. வேரின் ஒலி மலாய்ச் சொல்லில் கிடைக்கிறது. சென்னைப் பிள்ளைக்கு இரண்டாவது இல்லை. மலாய் மட்டும் அறிந்த பிள்ளைக்கு முதலாவது இல்லை. சீனப்பள்ளிப் பிள்ளைக்கு நம்மைப் போலவே இரண்டும் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் பாக்கி. அதைச் செய்யும் பொறுப்பு யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. தமிழ் ஆசிரியர் தமிழில் நிற்கிறார், மலாய் ஆசிரியர் மலாயில், ஆங்கில ஆசிரியர் ஆங்கிலத்தில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'தொலை', 'டெலி' என்ற ஒலி ஒற்றுமையைப் பார்த்து, கிரேக்கமே தமிழிலிருந்து போனதுதான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒற்றுமை தற்செயல். இரண்டும் வெவ்வேறு மொழிக்குடும்பங்கள். ஒலி ஒத்தால் வேரும் ஒன்று என்ற பழக்கம் ஒட்டிக்கொண்டால், இந்த முறை தரவேண்டிய கூர்மையே போய்விடும்.

சொல்லைப் பிரிக்கும் கருவியும் நம்மிடம் பழையது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பதவியல் என்று ஓர் இயலையே வைத்து, பகுபதம் எது பகாப்பதம் எது, பகுபதத்தின் உறுப்புகள் எவை என்று வகுத்தார். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். 'நடந்தனன்' என்ற சொல்லை இந்த உறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் தமிழாசிரியருக்கு 'டிரான்ஸ்போர்ட்டேஷன்' ஒரு பொருட்டே இல்லை. 'போர்ட்' பகுதி, சுமத்தல் என்று பொருள். 'டிரான்ஸ்' முன்னால் வந்து ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு என்ற பொருளைத் தருகிறது. 'ஏஷன்' பெயராக்கும் விகுதி. பகுதி தெரிந்தால் எக்ஸ்போர்ட், இம்போர்ட், போர்ட்டபிள், போர்ட்டர் எல்லாம் பின்னாலேயே வரும். புணர்ச்சியும் அப்படியே. 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் மகரம் ஙகரமாகி மரங்கள் ஆகிறது. மலாயில் 'மெ' என்ற முன்னொட்டு 'பாச்சா'வோடு சேர்ந்தால் 'மெம்பாச்சா', 'காலி'யோடு சேர்ந்தால் 'மெங்காலி'. இம்புஹான் என்ற பெயரில் இதைப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். ஆங்கிலத்தில் இல்லை என்ற பொருள் தரும் 'இன்' பகரத்தின் முன் 'இம்பாசிபிள்' ஆகிறது, லகரத்தின் முன் 'இல்லீகல்', ரகரத்தின் முன் 'இர்ரெகுலர்'. மூன்று மொழியிலும் ஒரே காரணம்தான்: அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப முந்தைய ஒலி மாறுகிறது. இரண்டு மொழியில் இலக்கணமாகப் படித்ததை மூன்றாவது மொழியில் மட்டும் மூன்று தனித்தனி விதிகளாக, இல்லையேல் மூன்று தனித்தனிச் சொற்களாக மனனம் செய்ய வைக்கிறோம். இதைவிடப் பெரிய வீண்செலவு என் கண்ணுக்குத் தெரியவில்லை.

நம் வட்டாரத்தையே பாடமாக்கலாம். சிம்பாங் பூலாயைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். கற்சுரங்கங்களிலிருந்து லோரிகள் ஏற்றிச் செல்வது கல்சியம் கார்பனேட். இலத்தீனில் 'கால்க்ஸ்' என்றால் சுண்ணாம்புக்கல். 1808இல் ஹம்ஃப்ரி டேவி சுண்ணாம்பிலிருந்து ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தபோது அந்தச் சொல்லிலிருந்தே கால்சியம் என்று பெயர் வைத்தார். 'கால்குலஸ்' என்றால் சிறு கல். ரோமானியர்கள் கூழாங்கற்களை வைத்துக் கணக்குப் பார்த்ததால் 'கால்குலேட்' வந்தது, அதிலிருந்து கால்குலேட்டர். சிறுநீரகக் கல்லுக்கு மருத்துவர்கள் இன்றும் கால்குலஸ் என்றே எழுதுகிறார்கள். மலாய்ப் பாடநூலில் கல்சியமும் கல்குலேட்டரும் அதே ஒலியில் இருக்கின்றன. பள்ளி ஜன்னலில் தெரியும் மலையையும் பையில் இருக்கும் கணிப்பானையும் ஒரே வேர் கட்டுகிறது என்று அறிந்த பிள்ளை 'கால்க்' என்று தொடங்கும் சொல்லை இனி வெறும் எழுத்துக் கூட்டமாகப் பார்க்காது.

இரப்பர் தோட்டங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். வேதியியலில் இரப்பரைப் பற்றிப் படிக்கிறார்கள். தாத்தா பாட்டி பால் என்று சொன்னது புத்தகத்தில் 'லேடெக்ஸ்'. இலத்தீனில் நீர்மம் என்று பொருள். ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஊற்றியது 'ஃபார்மிக்' அமிலம். இலத்தீனில் 'ஃபார்மிகா' என்றால் எறும்பு. 17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே எறும்புகளை வடித்து அந்த அமிலத்தைப் பிரித்ததால் வந்த பெயர். உறைந்த இரப்பர் ஒரு 'பாலிமர்'. கிரேக்கத்தில் 'பொலி' என்றால் பல, 'மெரோஸ்' என்றால் பகுதி. பல்கோணம் என்று கணிதத்தில் படித்த பிள்ளைக்குப் 'பாலிகன்' தெரியும், ஆகவே பாலிமரில் பாதி தெரியும். மலாயிலும் பொலிமெர், பொலிகோன். காலனி ஆட்சியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி மட்டுமே கிடைத்தது. ஈப்போ நகரத்தில் 1895இல் ஆங்கிலோ சீனப் பள்ளியும் 1909இல் ஆண்டர்சன் பள்ளியும் தொடங்கிவிட்டன, ஆனால் அந்த ஆங்கிலம் லயத்துக்கு வரவில்லை. தோட்டத்தில் ஆங்கிலம் துரைக்கும் கிராணிக்கும் உரியது. தங்கள் கைபட்ட பொருளின் பெயரே தங்களுக்கு எட்டாத மொழியில் இருந்த தலைமுறை அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் அதே சொற்களை இன்றும் விளக்காமல் மனனம் செய்யச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இது வெறும் ஆசைதானா, சான்று உண்டா என்று நீங்கள் கேட்க வேண்டும். வில்லியம் நாகி, ரிச்சர்ட் ஆண்டர்சன் இருவரும் 1984இல் அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களை ஆராய்ந்து, மூன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அச்சில் வரும் ஆங்கிலத்தில் சுமார் 88,500 சொற்குடும்பங்கள் உண்டு என்று மதிப்பிட்டார்கள். எந்தப் பட்டியலும் அத்தனையையும் தாங்காது. ஆனால் மாணவர் சந்திக்கும் புதுச் சொற்களில் பாதிக்கு மேற்பட்டவற்றை அவற்றின் உறுப்புகளைக் கொண்டு ஊகிக்க முடியும் என்றும் அவர்கள் கண்டார்கள். உறுப்புகளோ எண்ணிக்கையில் குறைவு. 1989இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, பள்ளிப் புத்தகங்களில் முன்னொட்டு உள்ள சொற்களில் 97 விழுக்காட்டை இருபது முன்னொட்டுகளே சமாளிக்கின்றன என்று காட்டியது. அவற்றிலும் 'அன்', 'ரீ', 'இன்', 'டிஸ்' என்ற நான்கு மட்டும் பாதிக்கு மேல். 2010இல் பீட்டர் பவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் சொல்லுறுப்புகளைக் கற்பித்துப் பார்த்த 22 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து ஆராய்ந்தார்கள். பலன் உண்டு என்பதோடு, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கே பலன் அதிகம் என்பது முடிவு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேர்ச்சொல் என்றதும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான கூடுதல் அலங்காரம் என்று நினைத்து, அதைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோகாமல் விட்டுவிடுவோம். சான்று நேர் எதிர்த் திசையில் நிற்கிறது.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். வேர்கள் ஏமாற்றும் என்பது முதலாவது, அதில் உண்மை இருக்கிறது. இலத்தீனில் 'பெட்' என்றால் பாதம்; 'பெடல்' அதிலிருந்து வந்தது. குழந்தை மருத்துவரைக் குறிக்கும் 'பீடியாட்ரிஷன்' என்ற சொல்லிலும் கிட்டத்தட்ட அதே எழுத்துகள் நிற்கின்றன, அதுவோ குழந்தை என்ற கிரேக்கச் சொல். 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பற்றாதது என்று நம்பி நெருப்பை அருகில் கொண்டுபோனால் ஆபத்து. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. 'ரிசீவ்', 'டிசீவ்' இரண்டையும் பிரித்தால் கையில் மிஞ்சும் 'சீவ்' பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. இதற்கெல்லாம் விடை பிரிப்பதை விட்டுவிடுவதில் இல்லை. எதைப் பிரிக்கலாம், பிரித்ததை எவ்வளவு நம்பலாம் என்று கற்பிப்பதில் இருக்கிறது. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று நம் இலக்கணம் வேறுபடுத்துவது இதைத்தான். நாற்காலி காரணப்பெயர். ஆனாலும் நான்கு கால் உள்ள மாட்டை யாரும் நாற்காலி என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 'குவாட்ருபெட்' என்ற சொல்லின் உறுப்புகளும் நான்கு, கால் என்றே நிற்கின்றன. அந்தச் சொல்லோ மாட்டைக் குறிக்கும், நாற்காலியைக் குறிக்காது. இந்த இரண்டையும் அருகில் வைத்தால், உறுப்புகள் குறிப்பு மட்டுமே தரும், வாக்கியம்தான் உறுதி செய்யும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும். பிரி, ஊகி, வாக்கியத்தில் பொருத்திப் பார், பிறகு அகராதியைத் திற. இந்த வரிசையைப் பழக்காமல் வேர்களை மட்டும் எழுதிப்போட்டால் அது இன்னொரு மனனப் பட்டியலாகவே முடியும். அப்படிச் செய்வதானால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

பிள்ளைகளுக்குப் பேசத்தானே வரவில்லை, நீளச் சொல் எதற்கு என்பது இரண்டாவது. பேசுவது வேறு தேவை, அதற்குப் பேச்சுப் பயிற்சிதான் வேண்டும். இந்த முறை அதற்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. கதைப் புத்தகங்களைக் குறைக்கவும் கேட்கவில்லை. பவர்ஸ் குழுவின் ஆய்விலும், சொல்லுறுப்புப் பயிற்சி தனியாக நிற்பதைவிட வாசிப்போடு சேரும்போதே நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின்படி (சி.இ.எஃப்.ஆர்.) ஆறாம் ஆண்டு முடிவில் ஏ2 நிலையும் ஐந்தாம் படிவத்தில் பி1, பி2 நிலையும் என்று கல்வி அமைச்சு வைத்திருக்கும் இலக்குகளுக்கு இடையில் இருக்கும் தூரத்தைக் கடைப்பேச்சு ஆங்கிலத்தால் கடக்க முடியாது. அந்தத் தூரம் பெரும்பாலும் பாடநூல் சொற்களால் ஆனது.

ஆங்கில வகுப்பில் தமிழைக் கலந்தால் இரண்டும் கெடும் என்பார்கள். வகுப்பு முழுவதும் தமிழில் பேசச் சொன்னால் நானும் எதிர்ப்பேன். வாரத்துக்கு இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம், மூன்று சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது மொழிக்கலப்பு ஆகாது. இன்னொரு பக்கத்தில் தமிழ்ப்பற்றுள்ளவர்களின் அச்சமும் உண்டு: தமிழ்க் கலைச்சொல்லை ஆங்கிலம் ஏறும் படியாக்கினால் ஏறிய பிறகு படியை உதைத்துவிடுவார்கள் என்று. அந்த அச்சம் காரணமற்றது என்று சொல்ல மாட்டேன். 2016இல் இருமொழிப் பாடத் திட்டம் வந்தபோது, அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கலாமா என்று நம் சமூகம் இரண்டாகப் பிரிந்து வாதிட்டது நினைவிருக்கும். அந்த வாதத்தில் இரு தரப்புமே தமிழும் ஆங்கிலமும் ஒன்றின் இடத்தை மற்றது பிடிக்கும் என்று எடுத்துக்கொண்டன. ஒளிச்சேர்க்கை என்ற சொல்லை அறியாத பிள்ளைக்கு 'ஃபோட்டோ' என்றால் படம்தான். ஒளி என்று தோன்றாது. ஆகவே ஆங்கிலத்துக்காக வாதிடுபவர்களுக்கே தமிழ்க் கலைச்சொல் தேவைப்படுகிறது. இருமொழித் திட்டத்தில் இருக்கும் பள்ளிகள் அறிவியல் வகுப்பில் தமிழ்ச் சொற்களை அறவே விட்டுவிட்டால் இந்தப் பாலத்தின் ஒரு கரையையே இழக்கின்றன. அங்குள்ள பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் குறைந்தது கலைச்சொற்களையாவது இரு மொழியிலும் எழுதிக் கற்பிக்கச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்களுக்கே கிரேக்கமும் இலத்தீனும் தெரியாதே என்று ஆசிரியர்கள் கேட்டால், தெரிய வேண்டியதில்லை என்பதே பதில். யாரும் அந்த மொழிகளைப் பேசப் போவதில்லை. மூன்று ஆண்டுக்கு இருபது முன்னொட்டு, நாற்பது வேர் போதும். அவற்றின் மூலத்தை எந்த நல்ல ஆங்கில அகராதியும் சொல்லும். தெரியாத ஒன்றை வகுப்பு முன்னாலேயே அகராதியில் தேடிக் காட்டும் ஆசிரியர், தேடுவது எப்படி என்ற பாடத்தையும் சேர்த்து நடத்துகிறார்.

உங்கள் சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆறாம் ஆண்டு முடிவில் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, ஆறாம் ஆண்டு முழுவதையும் மாதிரித் தாள்களுக்குக் கொடுக்க வேண்டிய நெருக்கடி போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு தவணை மட்டும் இதைச் செய்து பாருங்கள். தமிழ், மலாய், ஆங்கில ஆசிரியர்கள் மூவரையும் ஒரு மாலையில் ஒன்றாக உட்கார வையுங்கள். இந்த மூவரும் சொற்களைப் பற்றி ஒன்றாகப் பேசும் கூட்டம் அதுவே முதலாவதாக இருக்கலாம். பயிற்சிப் புத்தகங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஆளுக்கொரு கோடிட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். பக்கத்துக்கு ஒரு வேர், கீழே மூன்று பத்தி: தமிழ், மலாய், ஆங்கிலம். பிள்ளைகள் பாடநூலிலும் பொட்டலத்திலும் மருந்துச் சீட்டிலும் கண்ட சொற்களைத் தாங்களே அதில் சேர்த்துக்கொண்டு போகட்டும். தவணை முடிவில் கற்ற சொற்களைக் கேட்டுச் சோதிக்காதீர்கள். மனனமும் அதில் தேறிவிடும். வகுப்பில் ஒருபோதும் வராத பத்துச் சொற்களை வாக்கியத்தோடு கொடுத்துப் பொருளை ஊகிக்கச் சொல்லுங்கள், எப்படி ஊகித்தார்கள் என்று எழுதவும் சொல்லுங்கள். பட்டியல் முறையில் படித்த இணை வகுப்பு ஒன்றுக்கும் அதே தாளைக் கொடுங்கள். இரண்டு வகுப்பின் விடைத்தாள்களையும், குறிப்பாகப் பின்தங்கிய பிள்ளைகளின் தாள்களை, உங்கள் அடுத்த கூட்டத்தில் பெற்றோர் முன் வையுங்கள். மாற்றம் இல்லையென்றால் பட்டியலுக்கே திரும்பலாம். தொடங்குவதற்கு எந்தச் சிறப்புப் புத்தகமும் வேண்டாம். அந்த மாலைக் கூட்டத்துக்கு மூன்று ஆசிரியர்களும் நான்காம் ஆண்டு அறிவியல் பாடநூலோடு வந்தால் போதும். முதல் தவணைக்கு வேண்டிய வேர்கள் அதிலேயே கிடைத்துவிடும்.

அன்புடன்,
சிம்பாங் பூலாயிலிருந்து உங்களில் ஒருவர்